நிலைப்படிக்கு இந்தப் பக்கம்

இடுப்பு ஒடியும்வரை எங்கள் அப்பாரு வீட்டுக்குள் படுத்ததே இல்லை. அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. வீடு இல்லாதவர் இல்லை. சொந்தக் கையால் கல் சுமந்து, ஓடு போட்டு, அகலமான கதவு வைத்து ஒரு வீடு கட்டினார். பெண்டாட்டியையும் மகனையும் அதில் குடிவைத்தார். பிறகு கயிற்றுக் கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டுப்பட்டிக்குப் படுக்கப் போய்விட்டார். அவ்வளவுதான் அவருக்கும் வீட்டுக்கும் இருந்த சம்பந்தம்.

பட்டி என்பது மூங்கில் படல்களை வட்டமாக நிறுத்தி, பொழுது சாய்ந்ததும் ஆடுகளை அடைக்கிற இடம். அதை ஒரே இடத்தில் வைத்திருக்க மாட்டார்கள். ஆட்டுப் புழுக்கை காடு முழுக்க விழவேண்டும் என்பதற்காகத் தினமும் காலையில் படல்களைப் பிடுங்கி ஒரு பட்டி அகலம் தள்ளி நடுவார்கள். பட்டி நகர்ந்தால் காவலுக்குப் படுப்பவரின் கட்டிலும் நகரும். அதனால் அப்பாருக்கு நிலையான விலாசம் கிடையாது. ஓட்டர் லிஸ்டு சரிபார்க்க வந்த பெண், பெரியவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று கேட்டபோது, அம்மா வாசலில் நின்று சோளக்காட்டுப் பக்கம் கையைக் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் வெயிலில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, கட்டில்தான் இருக்கிறது, ஆளைக் காணோம் என்றாளாம். ஆள் கிணற்றில் இருந்தார்.

கிணறு அவருக்கு இன்னொரு கட்டில். எங்கள் ஊர்க் கிணறுகள் லாரியே இறங்கித் திரும்பலாம் போல இருக்கும். வெயில் ஏறியதும் துண்டைக் கரையில் போட்டுவிட்டுக் குதிப்பார். நீச்சல் அடிக்க மாட்டார், மல்லாந்து கிடப்பார். மேலே வட்டமாகத் தெரிகிற வானத்தைப் பார்த்துக்கொண்டு, காது நனைய, கை காலை ஆட்டாமல் கிடப்பார். யாராவது கரையில் நின்று கூப்பிட்டால் கேட்டும் கேட்காத மாதிரி இருப்பார். காது தண்ணிக்குள்ள இருந்துச்சு என்று பிறகு சொல்வார். அந்தப் பொய்யை எல்லாரும் அனுமதித்திருந்தோம்.

மழை வந்தாலும் உள்ளே வரமாட்டார். சாக்கை மூலையில் மடித்துத் தலையில் கொங்காடை போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் குந்தியிருப்பார். பெருமழை என்றால் வண்டிக் கொட்டகை. அம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்குச் சோற்றுத் தட்டை வாசலுக்குத்தான் கொண்டு போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடந்தது, அதில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அப்பாவின் கல்யாண போட்டோவில் அப்பாரு பாதிதான் இருக்கிறார். பந்தலுக்குள் வரச்சொல்லி எவ்வளவோ கூப்பிட்டும் பந்தக்காலுக்கு வெளியே நின்றதால், போட்டோக்காரரால் ஒரு தோளையும் ஒரு காதையும்தான் பிடிக்க முடிந்தது. சின்ன வயதில் அந்தக் காதைக் காட்டி, யாரு இது, யாரு இது என்று என்னிடம் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் நாங்கள் சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் கிரில் கேட்டுக்குள் பூட்டி வைத்திருந்தோம்.

அந்த மாதங்களில் நானும் அதே கேட்டுக்குள்தான் இருந்தேன். சேலத்தில் ஒரு கல்லூரியில் வேலை. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து உண்டாகியிருந்தேன். முன்னே ஒன்று தங்கவில்லை. இந்தத் தடவை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, பிரசவம் வரைக்கும் படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அம்மா வந்து மல்லசமுத்திரம் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். காரை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டச் சொல்லி, ராசிபுரம் தாண்டும்வரை டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

நான் போய்ச் சேர்ந்த வாரத்தில்தான் அப்பாருவும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். கிணற்றுப் படியில் பாசி வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, சேலத்தில் ஆபரேஷன் செய்து, உள்ளே ஏதோ உலோகம் வைத்து அனுப்பியிருந்தார்கள். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, குளிர்காற்று ஆகாது, இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று சொல்லியிருந்தார்கள். பழைய ஓட்டு வீடு இருந்த இடத்தில் அப்பா மாடி வைத்து, டைல்ஸ் போட்டு, முன்னால் கிரில் கேட் போட்ட போர்டிகோ வைத்துப் புது வீடு கட்டியிருந்தார். அதில் அப்பாருக்கென்று ஒரு ரூம். ரூம் கட்டி வருஷங்கள் ஆகியும் அதில் தேங்காய்தான் கிடந்தது. இப்போது தேங்காயை எடுத்துவிட்டு, சக்கரம் வைத்த இரும்புக் கட்டிலைப் போட்டு அவரைப் படுக்க வைத்தார்கள்.

எனக்கு ஒரு ரூம், அவருக்கு எதிர் ரூம். கதவைத் திறந்து வைத்தால் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். எனக்கும் விதிகள் ஏராளம். உச்சிப்பொழுதில் வெளியே போகாதே, அந்தியில் வாசலில் நிற்காதே, பாத்ரூமுக்குப் போனால்கூடத் தலைமாட்டில் இருக்கிற இரும்புத் துண்டை எடுத்துக்கொண்டு போ. முதுகலைப் படிப்பெல்லாம் படித்துவிட்டு இரும்புத் துண்டோடு பாத்ரூமுக்குப் போனேன். மறுத்துப் பேசுகிற தெம்பு எனக்கு இல்லை. இழந்தவளுக்கு எந்தப் பயமும் அற்பமாகத் தெரிவதில்லை.

அப்பாருக்கு முதலில் ஃபேன்தான் எதிரி. தலைக்கு மேலே எந்நேரமும் என்னமோ சுத்துது, நிறுத்து என்பார். நிறுத்தினால் வியர்க்கும். ஏசி போட்டால் சளி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவர். அவர் ரூம் ஜன்னலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற சந்துதான். அதில் வானம் ஒரு முழ அகலம் தெரியும், அதுவும் தலையைச் சாய்த்துப் பார்த்தால். என் ஜன்னல் மேற்கே பார்த்தது. அதனால் தினமும் எனக்கு ஒரு வேலை வந்தது. மேக்கால என்ன கண்ணு தெரியுது என்று கேட்பார். மேகம் என்றால் என்ன மாதிரி மேகம் என்பார். எனக்கு மேகத்தில் வெள்ளை, கறுப்பு இரண்டு வகைதான் தெரியும். படிச்ச புள்ளைக்கு இது போதும் என்று முனகுவார். நாளாக நாளாக அவருக்காக நானே கொஞ்சம் கூட்டிச் சொல்ல ஆரம்பித்தேன். வராத மழையைக்கூட இரண்டு தடவை வரவைத்தேன். மண் வாசம் வரலியே என்று உடனே கண்டுபிடித்துவிட்டார்.

ஒருநாள் மத்தியானம் எல்லாரும் அசந்திருந்த நேரம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, டைல்ஸில் சத்தம் வராமல் துண்டை அதன் காலடியில் போட்டு இழுத்துக்கொண்டு, அப்பாரு வெளியே போய்விட்டார். அம்மா தேடிக் கண்டுபிடித்தபோது வேப்பமரத்தடியில் வெறும் மண்ணில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எறும்பு ஊர்ந்த முகத்தோடு அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரெண்டு நாள் சளி அதிகமாகி மூச்சு இரைத்தது. ஆனால் முகம் மட்டும் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஈரோட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். வெளியே உயிர் போனால் உடலை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உள்ளே இறந்தவரைக் கூடத்தில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு வைத்து, பிறகுதான் வாசலுக்கு எடுப்பார்கள். வெளியே இறந்தவருக்கு நேராக வாசல்தான். அந்தப் பெரியவரையும் ஆம்புலன்ஸிலிருந்து இறக்கி வாசல் பெஞ்சில் போட்டார்கள். ஷாமியானா வந்து சேரும்வரை வெயில். சொந்த ஊட்டுக்குள்ள போகக் குடுத்து வைக்கலையே, பெத்த புள்ளைக என்னத்தப் பாத்தாங்களோ என்று கிழவிகள் ஒப்பாரியிலேயே மகன்களைக் குத்தினார்கள். துக்கம் கேட்கப் போன அப்பாவும் அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார். சாயங்காலம் திருச்செங்கோட்டுக்குப் போய் ஒரு பெரிய பூட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து கிரில் கேட் பூட்டியே இருந்தது. சாவி அம்மாவின் முந்தானையில்.

அப்பாரு ஒரு சமரசம் கேட்டார். தோட்டம் வேண்டாம், மரத்தடி வேண்டாம், கட்டிலைப் போர்டிகோவிலாவது போடுங்கள். அங்கேதான் கூரையும் இருக்கிறதே, கிரில்லும் இருக்கிறதே. அப்பாவுக்கும் கொஞ்சம் மனசு இளகியது. ஆனால் போர்டிகோ உள்ளேயா வெளியேயா என்பது அவருக்குத் தெரியவில்லை. அதற்காக ஒன்றுவிட்ட அண்ணனை, எனக்குப் பெரியப்பா, வரவழைத்தார். எங்கள் ஊரில் நல்லது கெட்டதுக்கு அவர் சொல்வதுதான் சட்டம். பெரியப்பா வந்து போர்டிகோவில் நின்று கூரையைப் பார்த்தார், கிரில்லைத் தட்டிப் பார்த்தார், வீட்டு வாசற்கதவின் நிலைப்படியைக் குனிந்து பார்த்தார். இஞ்சினியர் வந்திருந்தால்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டார். கூரை இருக்கிறதெல்லாம் வீடாகிவிடுமா, அப்படியானால் பஸ் ஸ்டாப்பும் வீடுதான், நிலைப்படியைத் தாண்டினால் வெளியேதான், அங்கே உயிர் போனால் உள்ளே கொண்டுவர முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். அப்பாரு ரூமிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையில் அம்மா அவருக்கு முகம் கழுவிவிடப் போனாள்.

"பட்டிய மாத்து சாமி" என்றார்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புத்தி தடுமாறுகிறதோ என்று பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அவருக்குப் புத்தியெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே எடத்துலயே படுத்துக் கெடந்தா மண்ணு கெட்டுரும், தள்ளிப் போடு என்றார். கட்டிலுக்குக் கீழே மண் எங்கே இருந்தது, வழவழ டைல்ஸ்தான். அம்மா சிரித்துவிட்டுக் கட்டிலை ஒரு டைல்ஸ் அகலம் தள்ளிப் போட்டாள். மறுநாளும் கேட்டார். மறுநாளும் தள்ளினாள். கொஞ்ச நாளில் அது அவர்களுக்குள் பழக்கமாகிவிட்டது. காலையில் வாசல் தெளித்து, பால் கறந்து, காபி வைத்து, பட்டி மாற்றிவிட்டுத்தான் அம்மாவின் அடுத்த வேலை.

கட்டில் ரூம் சுவரோரமாகப் போனது, கதவுக்கு வந்தது, ஒருநாள் கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தது. அவர் திசை சொன்னதே இல்லை. அம்மாதான் தள்ளினாள். டிவிக்கு எதிரே ஒருநாள், சாமி ரூமுக்குப் பக்கத்தில் ஒருநாள். அப்பா வாரத்தில் பாதி நாள் திருச்செங்கோட்டு ஆபீஸில். அவருடைய ரிக் வண்டிகள் வேறு மாநிலங்களில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தன. வருகிறபோதெல்லாம் கட்டில் வேறு இடத்தில் இருக்கும். கூடமும் வீட்டுக்குள்தானே என்று ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் ரூமில் தனியாகக் கிடக்க முடியவில்லை. கூடத்து திவானில் வந்து படுத்துக்கொண்டேன். அப்படி இரண்டு பேரும் ஒரே கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். எனக்கு வயிறு ஏறிக்கொண்டே போனது. அவருக்கு உடம்பு இறங்கிக்கொண்டே போனது.

அம்மாவிடம் ஒருநாள் கேட்டேன், கட்டில் எந்தப் பக்கம் போகிறது என்று அவளுக்குத் தெரியுமா என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் என்னத்தக் கண்டேன், அவரு தள்ளச் சொல்றாரு, தள்றேன் என்றாள். முந்தானை முடிச்சில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேலாக வாசலுக்குச் சோறு கொண்டுபோனவள். அந்த வாசலுக்கே அவரைத் திரும்பக் கொண்டுபோகிறாள் என்று எனக்குப் புரிந்தது. பூட்டைத் திறக்கிற தைரியம் அவளுக்கு இல்லை. டைல்ஸ் டைல்ஸாகத் தள்ளுகிற தைரியம் இருந்தது.

ஆடி பிறந்தபோது கட்டில் வாசற்கதவுக்கு வந்துவிட்டது. கட்டிலின் கால் நிலைப்படியில் முட்டி நின்றது. அதற்கு மேல் தள்ள இடமில்லை. அன்று காலை அப்பாரு பட்டி மாற்றச் சொன்னார். அம்மா நிலைப்படியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். பிறகு அவர் கேட்கவே இல்லை.

ஆடிக்காற்று எங்கள் பக்கம் பொல்லாதது. மண்ணை வாரி அடிக்கும். கிரில் கேட் நாளெல்லாம் பூட்டோடு சேர்ந்து கடகடவென்று ஆடும். தூசி வருகிறது என்று அம்மா கதவைச் சாத்தினால் அப்பாரு கையை நீட்டித் தடுப்பார். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் கிடந்துகொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து வருகிற காற்றை வாயைத் திறந்து வாங்கிக்கொள்வார். எனக்குப் பார்க்கவே ஆத்திரமாக வரும். அவர்மேல் இல்லை. அந்தப் பூட்டின் மேல், பெரியப்பாவின் மேல், வெயிலில் உட்கார்ந்து மகன்களைக் குத்திய கிழவிகளின் மேல், எழுந்து போய் ஒரு கதவைத் திறந்துவிட முடியாத என் உடம்பின் மேல்.

ஒரு மத்தியானம், அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள். அப்பாரு என்னைக் கூப்பிட்டார்.

"வெளிய உசுரு போனா உள்ள கொண்டார மாட்டாங்கன்னு உங்க பெரியப்பன் சொன்னானே, அது நெசந்தானா கண்ணு?"

அவர் பயப்படுகிறார் என்று நினைத்தேன். "ஆமாங்க அப்பாரு. அதுக்குத்தான் அப்பா உங்கள வெளிய உடறதில்ல. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கறுப்பு மேகம், வெள்ளை மேகம் என்று நான் சொன்னபோது பார்ப்பாரே, அதே பார்வை.

"அப்ப ஒருக்கா வெளிய போயிட்டா, அப்பறம் ஒருத்தனும் உள்ள இழுக்க முடியாதல்லொ? அதுக்குத்தான் சாமி கேட்டேன்" என்றார்.

நாங்கள் எல்லாரும் அந்த வழக்கத்துக்குப் பயந்து அவரைப் பூட்டி வைத்திருந்தோம். அவர் அந்த வழக்கத்தை நம்பித்தான் கிடந்தார். அழுதேன். அழக்கூடாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று அவரே சொன்னார்.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். திவானின் ஓரத்தில் என் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் சின்னப் பையனா இருக்கறப்ப ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எங்கப்பன் ஊட்டுக்குள்ள எங்களோட படுத்ததில்ல கண்ணு" என்றார். "மழ பேயும். இடி இடிக்கும். எங்கம்மா கதவத் தாழ் போட்டுட்டு என்னக் கட்டிப் புடிச்சுக்குவா. அவரு ஆட்டோட இருப்பாரு. இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் எங்கூட ஊட்டுக்குள்ள இருக்கறாரு."

பிறகு, தானும் சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் ரிக் வண்டிக்கு அடியில் படுத்தவன்தான் என்றார். சேறும் டீசல் நாற்றமும் கொசுவுமாகக் கிடந்தபோதெல்லாம், ஒரு வீடு கட்ட வேண்டும், அதில் அப்பனுக்கு ஒரு ரூம் வைக்க வேண்டும் என்றுதான் நினைத்துக்கொள்வாராம். வானத்தைக் கண்டாலே தனக்கு வெறுப்பு என்றார். இரண்டு பேரும் சொல்வது எனக்கு நியாயமாகத்தான் பட்டது, அதுதான் கஷ்டமாக இருந்தது. நாளைக்கு அண்ணனிடம் இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு அப்பா கை கழுவப் போனார். பெரியப்பா ஒரு கல்யாணத்துக்குக் கோயமுத்தூர் போயிருந்தார். திரும்பி வரட்டும் என்று காத்திருந்தோம்.

அப்பாரு காத்திருக்கவில்லை. ஒருநாள் விடிகிற நேரம், வாசல் தெளிக்க எழுந்து வந்த அம்மா, கட்டிலைத் தாண்டிப் போய்க் கேட்டைத் திறக்கவேண்டும் என்பதால் அவரை எட்டிப் பார்த்திருக்கிறாள். நான் கண் விழித்தபோது அம்மா சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றிருந்தாள். அப்பாருவின் ஒரு கை நிலைப்படியின் மேல் கிடந்தது. அதைத் தாண்டவில்லை.

அப்பா வந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தார். நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். பிறகு கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அப்பா நினைத்தபடியே எல்லாம் நடந்திருந்தது. சொந்த வீட்டில், கூடத்தில், மகன் மருமகள் பேத்தி எல்லாரும் இருக்கும்போது உயிர் போயிருக்கிறது. விளக்கை ஏற்றித் தலைமாட்டில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அம்மா அதற்குத்தான் சாமி ரூமுக்குள் போனாள்.

"வெளக்கு வேண்டாம்" என்றார் அப்பா. "அவரோட கயித்துக் கட்டல் எங்க கெடக்குது?"

மாட்டுக் கொட்டகையில் என்றாள் அம்மா. அவளே பூட்டைத் திறந்தாள். அப்பா போய்க் கட்டிலைத் தூக்கி வந்து வேப்பமரத்தடியில் போட்டு, துண்டால் தூசி தட்டினார். பிறகு உள்ளே வந்து அப்பாருவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தினார். நிலைப்படியில் ஒரு கணம் நின்றார். குனிந்து, அப்பாருவின் தலை நிலையில் இடிக்காமல் பார்த்து, வெளியே போனார்.

அதற்குப் பிறகுதான் போனை எடுத்தார். எல்லாருக்கும் ஒன்றையே சொன்னார். விடியக்காலம் காற்றாட வாசலில் படுக்க வேண்டும் என்றார், கொண்டுபோய்ப் போட்டேன், அப்படியே போய்விட்டார்.

வயிற்றுப் பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாது என்று அம்மா என்னை உள் ரூமுக்குப் போகச் சொன்னாள். போனேன். ஆட்கள் வந்து பறைச் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் திரும்பக் கூடத்துக்கு வந்து, ஜன்னலோரத் திவானில் சாய்ந்து, திரையை ஒரு விரல் அளவு விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட் விரியத் திறந்து கிடந்தது. யாரும் என்னைப் பூட்டவில்லை. ஆனாலும் நான் வெளியே போக முடியாது.

பெரியப்பா வந்ததும் நேராக அப்பாவிடம் போனார். கேட் பூட்டித்தானே இருந்தது, எப்படி என்று கேட்டார்.

"நாந்தானுங்கண்ணா தொறந்து உட்டேன்."

"அப்ப, வெளியதான் போச்சா?"

"ஆமாங்க. வெளியதான்."

பெரியப்பாவுக்குத் தாங்கவில்லை. இத்தனை மாதம் கட்டிக் காத்துக் கடைசியில் கோட்டை விட்டுட்டியேடா என்றார், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி. அது அப்படியே கூட்டத்துக்குள் போனது. மாடி வீடு கட்டி என்ன பிரயோசனம், பெத்த அப்பனை வாசல்ல போட்டுச் சாகடிச்சுட்டான் என்று ஒருத்தர் சொன்னது ஜன்னலோரம் இருந்த எனக்கே கேட்டது. அப்பாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. ஈரோட்டிலிருந்து வந்த அந்த உடலைப் பார்த்த நாளிலிருந்து அவர் எந்தப் பேச்சுக்குப் பயந்தாரோ, அதே பேச்சு. அவர் தலையைக் குனிந்துகொண்டு வருகிறவர்களின் கையைத் தொட்டுக் கொண்டிருந்தார்.

உச்சி சாய்ந்து ஒரு சாரல் விழுந்தது. ஷாமியானா இன்னும் வரவில்லை. பெண்கள் எழுந்து, நனையுதே, போர்டிகோவிலாவது கொண்டுபோய்ப் போடுங்க என்றார்கள். இரண்டு பேர் கட்டிலில் கை வைத்துவிட்டார்கள். அப்போது பெரியப்பாதான் குறுக்கே வந்தார். வெளிய போனது வெளியதான் கெடக்கோணும், நெலைப்படிப் பக்கம் கொண்டுபோகாதீங்க என்று அதட்டினார். கட்டிலை அங்கேயே விட்டார்கள். அப்பாருவின் முகத்தில் சாரல் விழுந்தது. அப்பா துடைக்கப் போகவில்லை. பக்கத்தில் நின்று தானும் நனைந்தார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் திரைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டு போனபிறகு அம்மா வாளியில் தண்ணீர் மொண்டு வந்து கூடத்தைக் கழுவினாள். அத்தை ஒருத்தி பார்த்துவிட்டு, வெளியே போனவருக்கு உள்ளே எதுக்கு கழுவறே என்று கேட்டாள். அம்மாவின் கை ஒரு நொடி நின்றது. ஆடிக் காத்துல ஒரே தூசியா இருக்குதுங்க என்றாள். நிலைப்படியை மட்டும் இரண்டு தடவை தேய்த்துக் கழுவினாள்.

பொழுது சாய அப்பா திரும்பினார். மொட்டைத் தலை, ஈர வேட்டி. சடங்கு முடிந்து வாசலில் ஏற்றிய விளக்கைக் கும்பிட்டுவிட்டுப் போகிற கூட்டம் கலைகிறவரைக்கும் வாசலிலேயே நின்றார். பிறகு ஜன்னல் பக்கம் வந்தார். நான் நாளெல்லாம் அங்கேதான் இருந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"இங்கிருந்து தெரிஞ்சுதா கண்ணு? எப்படிப் படுத்திருந்தாரு?"

"தெரிஞ்சுதுங்கப்பா. கெணத்துல மல்லாந்து கெடப்பாரே, அப்படித்தான் இருந்தாரு" என்றேன்.

அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வெளிய உட்டுட்டான்னு ஊரே பேசுது, பேசீட்டுப் போகட்டும். உள்ளதான் போனாருன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு."

அதனால்தான் இதில் நான் யார் பெயரையும் எழுதவில்லை.